மூன்று குருவித் தோரணம்

அன்ரி, அந்தப் பையை என்ர மடியில வையுங்கோ. மேல தட்டில போட்டால் பிளாஸ்ரிக் பூ நசிஞ்சு போகும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் நிமிராது. எனக்குத் தெரியும், நசிச்சுப் பாத்த ஆள் நான்.

ஆற்ற கலியாணம்? மகளுக்கோ? சோடனைக்கு ஆள் பிடிக்கேல்லைத்தானே. பிடிச்சிருந்தால் இந்த வெயிலுக்க பூவும் ரிபனும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவியளோ. வெக்கப்படாதையுங்கோ, நாங்களும் அப்பிடித்தான். என்ர அக்கா வதனியின்ர கலியாணத்துக்கு முழுச் சோடனையும் நான்தான் செய்தனான். எங்கட வீட்டில அம்மா, அக்கா, நான், மூண்டு பேர்தான். வேற ஆர் செய்யிறது?

கேக்கிறியளோ? கேளுங்கோ. பரந்தன் சந்தியே இன்னும் தாண்டேல்லை, நேரம் கிடக்கு.

முதலே ஒண்டு சொல்லிப்போடுறன். நான் ஓ.எல். சோதினை எழுதிக் கணக்கில விழுந்தனான். திரும்ப எழுதச் சொன்னவை. எனக்கு விருப்பமில்லை, விட்டிட்டன். இப்ப ஒரு தையல் கடையில சாறிக்கு ஓரம் அடிக்கிறன். ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், அண்டைக்கு நடந்ததுக்கு நான் படிக்காததுதான் காரணமெண்டு எங்கட சொந்தக்காரர் கதைக்கினம். எங்கட பள்ளிக்கூட ரீச்சர் ஒராள் கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மண்டபத்துக்கு வந்து, அண்ணாந்து பாத்து, வடிவா இருக்கெண்டு போனில படமும் எடுத்துக்கொண்டு போனவ. அவ படிச்சவதானே. அவவுக்கு ஏன் தெரியேல்லை? அதை ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

சரி, விசயத்துக்கு வாறன்.

வதனி அக்காவுக்கு முதலும் ஒரு கலியாணம் பேசினது. ரூபன் அண்ணா எண்டு. பேசினது எண்டு சொல்லக்கூடாது, அவை ரெண்டு பேரும் விரும்பினவை, பிறகுதான் பெரியாக்கள் பேசினவை. நாள் வைச்சு, கலியாணக் காட் அடிக்கக் குடுத்தாச்சு. ரூபன் அண்ணா மோட்டச்சைக்கிளில வரேக்க டிப்பர் லொறி அடிச்சுப் போட்டுது. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ஊர் என்ன சொல்லும், உங்களுக்குத் தெரியாததோ? வதனி ராசியில்லாதவள். எங்கட சொந்தப் பெரியம்மாவே சொன்னவ. ஒரு சம்பந்தம் வரும், விசாரிக்கப் போவினம், பிறகு திரும்பி வரமாட்டினம். அக்கா அதைப் பற்றி வாயே திறக்கமாட்டா. அழவும் மாட்டா. வேலைக்குப் போவா, வருவா, சட்டி பானை கழுவுவா, படுப்பா. ரூபன் எண்ட பேர் எங்கட வீட்டில ஒருத்தரும் சொல்லுறேல்லை. ரேடியோவில பாட்டுப் போட்டாலும் அம்மா ஓடிவந்து நிப்பாட்டுவா. எனக்கெண்டால் விசர் பிடிக்கும். செத்த ஆள் செத்தாச்சு. அதுக்காக உயிரோட இருக்கிற ஆக்கள் பாட்டுக் கேக்கக்கூடாதோ?

இப்பிடி இருக்கேக்கதான் ஜெயசீலன் அத்தான் வந்தார். பால் சேகரிக்கிற இடத்தில வேலை. அக்கா கணக்கெழுதுறதும் அங்கதான். அவரே வந்து அம்மாட்டக் கேட்டவர். ராசி கீசி ஒண்டும் நான் பாக்கிறேல்லை எண்டு சொன்னவர். நல்ல மனிசன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அவரை வளத்தது அவற்ற தமக்கை பவளம். தாய் தகப்பன் இல்லை. பவளம் வேண்டாம் எண்டால் அத்தான் குனிஞ்சுகொண்டு போயிடுவார், அவ்வளவு பயம். பயமெண்டும் சொல்லேலாது. என்னவோ ஒண்டு.

பவளம் ஓம் எண்டு சொல்ல மாசக்கணக்கா இழுத்தா. கடைசியில எங்கட வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, அக்காவை ஏற இறங்கப் பாத்திட்டு, அம்மாவுக்கு முகத்துக்கு நேர சொன்னா:

"எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. ஒரு சின்ன அபசகுனம் கண்டாலும் மண்டப வாசலில வைச்சே அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறகு குறை சொல்லக்கூடாது."

விளையாட்டுக்குச் சொல்லேல்லை அன்ரி. அவ சொன்னால் செய்யிற மனிசி. அண்டையில இருந்து அம்மா பல்லி சொன்னாலும் நடுங்குவா. வாசலில ஆரும் தும்மக்கூடாது. வீட்டுக்குள்ள சாவு, செத்த, போன, ஒரு சொல்லும் வரக்கூடாது. கடிகாரம் நிண்டு போச்சு எண்டு நான் சொன்னதுக்குக் குட்டு வாங்கினனான். பற்றரி முடிஞ்சுது எண்டு சொல்லவேணுமாம்.

அப்ப சோடனைக்கதை வந்தது. சோடனைக்காரர் வந்து மண்டபத்தைப் பாத்து, மணவறை இப்பிடி, வாசல் அப்பிடி, கொழும்பில இருந்து பூ எண்டு விலை சொன்னார். அம்மா காதில கிடந்த தோட்டைத் தடவிப் பாத்தா. எனக்கு விளங்கிச்சு, இதுவும் அடைவுக்கடைக்குப் போகப்போகுது. நான் சொன்னன், ஒருத்தரும் வேண்டாம், நான் செய்யிறன். அம்மா சிரிச்சா. என்னைப் பாத்து ஒருத்தர் சிரிச்சால் காணும், பிறகு நான் செய்தே தீருவன்.

செய்தன் அன்ரி. பொய்யில்லை. ஒழுங்கையில இருக்கிற வீடெல்லாம் ஏறிப் பழைய பட்டுச் சாறியளை இரவல் வாங்கினன். கடையில கொசுவம் பிடிச்சுப் பிடிச்சு என்ர கைக்கு அது தண்ணிபட்ட பாடு. மணவறைக்குப் பின்னால ஊத்தைச் சுவர் தெரியாமல், மஞ்சளும் சிவப்பும் மாறி மாறிக் கொசுவம் பிடிச்சுக் குண்டூசி குத்தினன். உங்கட பையில கிடக்கிற ரிபன் பளபளா எண்டு மினுங்குது, அது சரிவராது, படத்தில வெள்ளையா அடிக்கும். சாறிதான் நல்லம். பூவுக்கு, ஸ்ரேசன் றோட்டு வேலியில நிக்கிற போகன்விலா. வெட்டினவுடன சுருளும், ஈரச்சாக்குக்குள்ள வைச்சுக் கடைசி நேரத்தில எடுக்கவேணும். வாழைத்தண்டை நிமித்திவைச்சு ஈர்க்கால குத்தினால் தூண் முழுக்கப் பூவா நிக்கும். சோடனைக்காரன் வந்து பாத்தாலும் வாய் பிளப்பான்.

மிச்சம் இருந்தது மண்டபத்துக் கூரைதான். பெரிய மண்டபம், உயரம், தகரம் தெரியுது. அதுக்குத்தான் தோரணம் எண்டு முடிவெடுத்தனான். முன்வீட்டில தென்னை தறிச்சவை, குருத்தோலை சும்மா கிடைச்சது. குருத்தோலையைக் கிழிச்சு மடிச்சு, ஒண்டுக்குக் கீழ ஒண்டாக் குருவி மாதிரி எடுத்துத் தொங்கவிடுறது, தெரியும்தானே. எனக்கு மடிக்க நல்லாத் தெரியும். பழகினது ரூபன் அண்ணாவின்ர செத்தவீட்டில. அப்ப நான் சின்னப்பிள்ளை. உள்ள எல்லாரும் குளறிக்கொண்டு இருக்க, வாசலில பொடியங்கள் இருந்து ஓலை மடிச்சவங்கள். நானும் போய்க் குந்தினன். ஒருக்காப் பாத்தன், அப்பிடியே மடிச்சன். கெட்டிக்காரி எண்டு சொன்னவங்கள். ஓலையைக் கையில எடுத்தால் விரல் தன்ர பாட்டில போகும்.

ஏன் அன்ரி அப்பிடிப் பாக்கிறியள்? பொறுங்கோ. நானே சொல்லுறன்.

அம்மாட்டச் சொன்னன், தோரணம் கட்டப்போறன் எண்டு. நாலு குருவி வை எண்டா. நான் பழகினது மூண்டு குருவி. நாலு வைக்க நீட்டு ஓலை வேணும், கட்டை ஓலையெல்லாம் வீணாப் போகும். மூண்டெண்டால் கிடக்கிற ஓலை கூரை முழுக்கக் காணும். கணக்கில விழுந்தவள் எண்டாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். ஏன் நாலு, மூண்டு வைச்சால் என்ன எண்டு கேட்டன். அம்மாவின்ர முகம் மாறிச்சு. "நாலெண்டால் நாலு. கலியாண வீட்டில ஏன் எண்டு கேளாதை" எண்டிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

எங்கட வீட்டில இதுதான் வருத்தம். செய் எண்டு சொல்லுவினம், ஏன் எண்டு சொல்லமாட்டினம். ஏன் எண்டு சொல்லாட்டில் நான் செய்யமாட்டன். பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான்.

ஓலையை மண்டபத்துக்குக் கொண்டுபோய், என்னோட கடையில வேலை செய்யிற பிள்ளையையும் இருத்தி, முழுநாளும் மடிச்சம். எல்லாம் மூண்டு. அம்மா வீட்டில பலகாரத்தோட நிண்டதால ஆக்கினை இல்லை. கட்டேக்க இன்னொரு யோசினை வந்தது. குருவியின்ர தலை மேல பாத்தால் ஆருக்குத் தெரியும், தகரத்துக்கோ? ஆக்கள் கீழ இருந்துதானே பாக்கப் போகினம். தலைகீழாக் கட்டினம். எல்லாக் குருவியும் குனிஞ்சு எங்களைப் பாக்குது. எவ்வளவு வடிவு எண்டு நினைக்கிறியள். கயிறு கயிறா இழுத்து, அந்தக் கயிறிலயே மின்குமிழ் மாலையையும் சுத்தி, கீழ நிண்டு அண்ணாந்து பாத்தன். எனக்கே கண் கலங்கிச்சு. படிக்காதவள் செய்தது.

அடுத்தநாள் விடிய அக்காவை மண்டபத்துக்குப் பக்கத்து அறையில வைச்சுச் சோடிச்சுக்கொண்டு இருந்தவை. அவ இன்னும் மண்டபத்தைப் பாக்கேல்லை. பாத்துத் திகைக்கவேணும் எண்டு நான்தான் மறிச்சு வைச்சிருந்தனான். அம்மா நிறைகுடம் வைக்கிறதுக்குச் செம்போட உள்ள வந்தா. நான் வாசலில நிண்டு அவவின்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டன், என்ன சொல்லப்போறா எண்டு.

மேல பாத்தா. செம்பை மெதுவா நிலத்தில வைச்சா. வைச்சிட்டு அப்பிடியே குந்தியிட்டா.

"கழட்டு" எண்டா.

நான் ஏன் எண்டு கேட்டன்.

"கழட்டடி."

ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். முழுநாள் மினக்கெட்டு மடிச்சது, விரலெல்லாம் வெட்டு, ஏன் எண்டு சொல்லாமல் ஒரு ஓலையிலயும் கை வைக்க விடமாட்டன். அம்மா அழுகிற மாதிரிக் கும்பிட்டா. அப்பவும் சொல்லுறா இல்லை. பெத்த பிள்ளையைக் கும்பிடத் தெரியுது, ஒரு சொல்லுச் சொல்லத் தெரியேல்லை. அப்பிடியே நிண்டு ரெண்டு பேரும் வாக்குவாதப்பட்டம். அதுக்குள்ள பெரியம்மா ஓடிவந்து, மாப்பிளையாக்கள் வெளிக்கிட்டாச்சாம், போன் வந்தது எண்டா. அப்பத்தான் அம்மா எழும்பி வந்து என்ர காதுக்குள்ள சொன்னா, மூச்சு மாதிரி:

"மூண்டு குருவி, தலைகீழ. உது செத்தவீட்டுத் தோரணம் பிள்ளை."

பாருங்கோ. முதலே சொல்லியிருக்கலாம்தானே? நாலு நல்லதுக்கு, மூண்டு கெட்டதுக்கு எண்டு ஒரு வசனம். அந்தச் சொல்லை வீட்டுக்க சொல்லக்கூடாது எண்டு பயந்து, அந்தச் சாமானையே மண்டபம் முழுக்கத் தொங்க வைச்சிட்டா. இதில ஆற்ற பிழை? நீங்களே சொல்லுங்கோ.

பவளம் சொன்னது காதுக்க கேக்குது. ஏணியைத் தேடினன். ஏணி லைற்காரன்ர, அவன் முதல்நாளே கொண்டுபோயிட்டான். கயிறை அறுக்கவும் ஏலாது, அறுத்தால் மின்குமிழ் எல்லாம் கரண்டோட ஆக்களின்ர தலையில விழும். மாங்காய் பிடுங்குற கொக்கத்தடி ரெண்டு கொண்டுவந்து, அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஒவ்வொரு ஓலையாக் கொழுவி இழுத்தம். நான் நல்லா இறுக்கிக் கட்டியிருக்கிறன் எண்டது அப்பத்தான் தெரிஞ்சது. ஒண்டு வரும், மற்றது வராது. பாதி கிழிஞ்சு தொங்கும். வந்திருந்த ஆக்கள் கதிரையில இருந்து அண்ணாந்து பாக்கினம், பாத்திட்டு ஒருத்தற்ற காதுக்க ஒருத்தர் குசுகுசுக்கினம். எழும்பி வந்து ஒரு கை பிடிக்க ஒருத்தருமில்லை. தொட்டால் தங்களுக்கு ஒட்டிப்போடும் போல.

பாதிதான் முடிஞ்சிருக்கும். வாசலில மேளம் கேக்குது. மாப்பிளைக் கார் வந்திட்டுது.

பவளம்தான் முதல் இறங்கினா. பெரியம்மா ஆராத்தித் தட்டோட நிண்டவ. வாசலுக்குக் கிட்டக் கிடந்ததையெல்லாம் நான் முதலே பிடுங்கியிட்டன், ஆனால் உள்ள மணவறைப் பக்கம் அப்பிடியே வரிசையாத் தொங்குது. வாசலில நிண்டால் நேர தெரியும். நடுவில எங்கட அம்மா, பட்டுச் சாறியோட, கொண்டை அவிண்டு, கொக்கத்தடியும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. பொம்பிளையின்ர தாய்.

பவளம் மேல பாத்தா. கத்தேல்லை. கையை ஒருக்காத் தூக்கினா, மேளம் நிண்டிட்டுது. திரும்பிக் காரைப் பாத்து, "தம்பி, இறங்காதை" எண்டா.

பிள்ளை தெரியாமல் எண்டு அம்மா தொடங்கினா. நான் முன்னுக்குப் போய்ச் சொன்னன், அம்மாவில பிழையில்லை, மடிச்சது நான்தான், ஓலைதானே, கழட்டினால் போச்சு எண்டு. பவளம் என்னைத் திரும்பியும் பாக்கேல்லை.

"ஒரு சாவு நடந்த இடமெண்டு தெரிஞ்சும் என்ர தம்பிக்காக வந்தனான். நீங்கள் அதையே அவன்ர தலைக்கு மேல கட்டிவைச்சிருக்கிறியள்."

நான் நினைச்சன், முடிஞ்சுது, இனி அக்காவை ஒருத்தரும் எடுக்கமாட்டினம், ஊர் முழுக்கக் காலத்துக்கும் இதைச் சொல்லும், நான்தான் செய்தனான் எண்டு அம்மா சாகுமட்டும் சொல்லுவா.

அப்ப அக்கா அறையை விட்டு வெளிய வந்தா. கூப்பிட முதல் பொம்பிளை வெளிய வரக்கூடாது. வந்தா. தலை நிறையப் பூ, முகத்தில பாதிதான் பவுடர் போட்டிருக்கு. ஒருத்தரையும் பாக்கேல்லை, மேலயே பாத்துக்கொண்டு வந்து நடு மண்டபத்தில நிண்டா. என்ர குருவியளைப் பாத்துக்கொண்டு நிண்டா, கன நேரம். திரும்பி எனக்கு அறையப் போறா எண்டு நினைச்சு நான் ஒரு அடி பின்னால போனன்.

அவ பவளத்தைப் பாத்துச் சொன்னா. சாதாரணமா, கடைக்காரனோட கதைக்கிற மாதிரி.

"உது ரூபனுக்குக் கட்டினது, மச்சாள். கழட்ட இவ்வளவு நாள் போயிட்டுது. கொஞ்சம் பொறுங்கோ, கழட்டிப்போட்டு வாறன்."

சொல்லிப்போட்டு அம்மாவின்ர கையில இருந்த தடியை வாங்கினா.

அந்தப் பேரை அவவின்ர வாயால நான் கேட்டதே இல்லை அன்ரி, அந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு. அதுவும் மாப்பிளை வீட்டுக்காரருக்கு முன்னால, கலியாணத்தண்டு. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டா. அக்கா தன்ர பாட்டில தடியைத் தூக்கிக் கொழுவி இழுக்கிறா. காப்பு எல்லாம் கலகலக்குது. எட்டுதில்லை. நுனிக்காலில நிண்டு இழுக்கிறா. ஒரு ஓலை வந்து அவவின்ர தோளில விழுந்தது, அதைத் தட்டியும் விடேல்லை.

கார்க்கதவு அடிச்சுச் சாத்தின சத்தம் கேட்டது. அத்தான் இறங்கி வாறார். தம்பி எண்டு பவளம் கூப்பிட்டா. அவர் தலைப்பாகையைக் கழட்டித் தமக்கையின்ர கையில குடுத்திட்டு, உள்ள வந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஏறினார். நல்ல உயரம் அவர். கதிரையைத் தள்ளித் தள்ளி வைச்சு, கையாலயே ஒவ்வொண்டாப் பிடுங்கிக் கீழ நீட்டுறார், அக்கா வாங்கி வைக்கிறா. நீட்டுறார், வாங்கிறா. தோட்டத்தில புடலங்காய் பிடுங்குற ஆக்கள் மாதிரி.

பவளம் தலைப்பாகையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு வாசலில நிண்டா. போகவுமில்லை, உள்ள வரவுமில்லை. அவவின்ர தாடை மட்டும் அசையுது. கடைசி ஓலையும் இறங்கினாப் பிறகுதான் வாய் திறந்தா.

"அவன்ர காலைக் கழுவி உள்ள எடுங்கோ. முகூர்த்தம் தப்பப்போகுது."

பிறகு என்னைப் பாத்தா. உதெல்லாத்தையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பின்னால போட்டிட்டு, குளிச்சிட்டு வா எண்டா. அவ்வளவுதான் எனக்குச் சொன்னது. கலியாணத்தண்டு விடிய ரெண்டாந்தரமும் குளிச்சது நான் ஒராள்தான். முழுகிப்போட்டு ஓடிவரேக்க தாலி கட்டி முடிஞ்சுது. நான் காணேல்லை.

நல்லா முடிஞ்சுதுதானே எண்டு சொல்லப்போறியள். எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். எனக்குக் கோவம் ஆறேல்லை. பவளத்தில இல்லை, அம்மாவிலயும் இல்லை. அக்காவிலதான். உது ரூபனுக்குக் கட்டினது எண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால எப்பிடிச் சொல்லுவா? ரூபன் அண்ணாக்கு ஆர் கட்டினது? வதனி அக்காவுக்கெண்டு, அவ திகைக்கவேணும் எண்டு, விரல் வெட்ட வெட்ட இருந்து மடிச்சது நான். பிழையெண்டால் பிழை, என்ர பிழை. அதை ஏன் செத்த ஆளுக்குத் தூக்கிக் குடுக்கவேணும்? அத்தானோட போக வெளிக்கிடேக்க நான் கேட்டனான், ஏன் பொய் சொன்னனி எண்டு. அவ என்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, "பொய்யில்லையடி" எண்டா. பொய்தானே அன்ரி. எனக்குத் தெரியாதோ ஆருக்குக் கட்டினனான் எண்டு?

இந்தாங்கோ, போனில படம் கிடக்கு, பாருங்கோ. மேல பாருங்கோ, தகரம், வெறுங்கயிறு, அங்கயொண்டு இங்கயொண்டாக் கிழிஞ்ச ஓலைத் துண்டு. தூணில போகன்விலா சுருண்டு போச்சு, இந்தக் கூத்தில சாக்குக்குள்ள இருந்து எடுத்த பூவுக்கு ஒருத்தரும் தண்ணி தெளிக்கேல்லை. உதுக்குப் பேர் சோடனையோ? உதுக்கு நடுவில நிக்கிறவதான் அக்கா. பெருப்பிச்சுப் பாருங்கோ. தோளில ஒரு ஓலை நார் ஒட்டிக்கொண்டு கிடக்கு, அதுவும் தெரியாமல், பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. கொஞ்சமாவது கவலை இருக்கோ பாருங்கோ, நான் அவ்வளவும் செய்து ஒண்டும் மிஞ்சேல்லை எண்டு.